பொங்கல் சீர் திசை திரும்பிய வருஷங்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் வருவது ஆயுசுக்கும் உண்டு. எங்கள் பக்கம் என்றால் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில், தென்னந்தோப்புகளுக்குள் இருக்கிற ஒரு ஊர். அப்பா இருக்கும்வரை அப்பா கொண்டுவருவார். அவருக்குப் பிறகு அண்ணன் தம்பிகள், அவர்களுக்கும் பிறகு அவர்கள் பிள்ளைகள். பல்லெல்லாம் போன பாட்டிக்குக்கூடத் தம்பி மகன் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நெல்லைப் பக்கம் இதையே பொங்கல்படி என்கிறார்கள்.

எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதற்குள் அப்பா போனார், புயல் வந்தது, அம்மா போனார், நிலம் பிரிந்தது, மகள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பொங்கல் பழையபடி இருக்க முடியாமல் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வழக்கம் மாறத்தான் செய்யும். ஆனால் யாரும் வாய் திறந்து பேசாமல் மாறினால் உறவும் சேர்ந்து போய்விடுகிறது. ஒரு வருஷம் சீர் வரவில்லை என்றால் 'பாவம், என்ன கஷ்டமோ' என்று யாரும் நினைப்பதில்லை, 'நம்மளை மறந்துட்டாங்க' என்றுதான் நினைக்கிறோம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1992 பொங்கல் எனக்குத் தலைப்பொங்கல். தாம்பரத்தில் ஒண்டுக்குடித்தனம். அப்பா ராத்திரி முழுக்கத் திருவள்ளுவர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து விடியற்காலையில் இறங்கினார். பஸ் மேலே கட்டியிருந்த கரும்புக் கட்டை இறக்கவே நேரம் பிடித்தது. வாழைத்தார், சாக்கில் பச்சரிசி, வெல்லம், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மொச்சை, வேரோடு பிடுங்கிய மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, வெண்கலப் பானை, எனக்குப் புடவை, என் வீட்டுக்காரருக்கு வேட்டி சட்டை. மாமியார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பக்கத்துக் குடித்தனங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா முகத்தில் அவ்வளவு நிறைவு. எனக்கு அவருடைய கைதான் கண்ணில் பட்டது. கரும்புச் சோகை கீறி உள்ளங்கையெல்லாம் கோடு கோடாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீரைக் கேட்டு வாங்குகிற வீடுகள் இருக்கின்றன. போன வருஷம் இவ்வளவு வந்தது, இந்த வருஷம் ஏன் குறைந்தது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கிச் சீர் வைத்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அந்த மாதிரி இடத்தில் இந்த வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பெண்ணே முன்னால் நின்று 'வேண்டாம்ப்பா' என்று நிறுத்திவிடுவது நல்லது. நான் இனி சொல்லப்போவதெல்லாம் மனசோடு வருகிற சீரைப் பற்றி.

அப்பா 2009 புரட்டாசியில் தவறினார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. பங்காளி வீடுகளிலும் கிடையாது. ஆனால் நான் வேறு வீட்டுக்குப் போனவள் என்பதால் தாம்பரத்தில் எனக்குப் பொங்கல் உண்டு. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இல்லை. ஒரே அப்பாவைப் பறிகொடுத்தவர்களில் ஒருத்தி பானை வைக்கிறாள், மற்றவர்கள் அடுப்பை மெழுகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. துக்கத்துக்கு ஒரு வருஷம் ஒதுக்கி வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் துக்க வீட்டைத் தனியாக விடக் கூடாது. நான் காலையில் இங்கே பொங்கலை முடித்துவிட்டு ராத்திரி பஸ் ஏறினேன். மாட்டுப் பொங்கலன்று ஊரெல்லாம் மாட்டுக்கு நெட்டி மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போகும்போது அம்மாவோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். உங்கள் சொந்தத்தில் யாருக்காவது அப்படி ஒரு வருஷம் வந்தால் பண்டிகை வாழ்த்து அனுப்பாமல் இருந்தால் மட்டும் போதாது. நேரில் போய் உட்காருங்கள். அவர்கள் வீட்டில் அன்றைக்குச் சமைக்க யாருக்கும் மனசு வராது, அதனால் சாப்பாடு கொண்டுபோங்கள்.

மறு வருஷப் பொங்கலில்தான் சிக்கல் வந்தது. அதுவரை முதல் பானையை ஏற்றியது அம்மா. கணவன் போன பிறகு எங்கள் ஊரில் பெண்கள் பானைப் பக்கம் வர மாட்டார்கள். அண்ணன் மகள் அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பத்தாதான் ஏத்தணும், இல்லைன்னா நான் சாப்பிடவே மாட்டேன்" என்று வாசலில் நின்றாள். அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. பெண்களை ஒதுக்கி வைக்கிற அந்த வழக்கம் ஒழிய வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அம்மா "என்னைய விட்ருங்கடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அன்று ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டேன். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ஏத்தணும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம், எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "பானைகிட்ட நிக்க ஆசைதான். ஊருப் பொம்பளைக பார்க்க நிக்கத்தான் முடியல. அரிசிய நான் அளந்து தர்றேன், அது போதும்" என்றார். அடுத்த பொங்கலிலிருந்து அப்படியே செய்தோம். பித்தளை உழக்கால் கூடத்தில் உட்கார்ந்து அம்மா அரிசி அளந்து கொடுப்பார், அண்ணி முந்தானையில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். இரண்டு மூன்று வருஷம் போனதும் அம்மாவே வாசலுக்கு வந்து, துடுப்பை வாங்கிக் கிண்டிவிட்டுப் போனார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கைதட்டவும் இல்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது. பழைய வழக்கத்தை உடைக்க நினைக்கிறவர்கள் அதில் அடிபட்டவரை முதலில் கேட்க வேண்டும். எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

அப்பாவுக்குப் பிறகு சீர் கொண்டுவருகிற பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். ஒரு வருஷமும் தவறவில்லை, கஜா வரும்வரை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் ஊர்ப் பக்கம் ஏறியது. அதற்கப்புறம் போன் இல்லை, கரண்ட் இல்லை. நானும் வீட்டுக்காரரும் கிளம்பிப் போனபோது ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களை ஊர்ப் பையன்கள் அறுத்து அறுத்து வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓட்டுக்கூரை பாதிதான் இருந்தது. தோப்பில் மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. தாத்தா நட்ட வரிசை எது, அப்பா நட்டது எது, அண்ணன் நட்டது எது என்று எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. நெல் போனால் அடுத்த போகம் பார்க்கலாம். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து விழுந்த மரத்தின் வேரை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். "இன்னும் இருவது வருசம் காய்ச்சிருக்கும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மார்கழி பாதியில் அவரிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்து என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில், "இந்த வருசம் சீருக்கு வர முடியாதும்மா" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. ஆனால் இன்றைக்கும் அவரைப் பாராட்டுவேன், ஏனென்றால் அவர் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம், எங்களுக்கும் புரிந்திருக்கும். சொன்னதால்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. "நீங்க வர வேணாண்ணே, நாங்க வர்றோம்" என்றேன்.

2019 பொங்கல் ஜனவரி 15-இல் வந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் மஞ்சள் கொத்து வாங்கினேன். மஞ்சள் விளைகிற ஊருக்கு, தோப்புக்காரர் வீட்டுக்கு, சென்னையிலிருந்து மஞ்சள். அரிசி, வெல்லம், பருப்பு, புதுப் பானை, அண்ணன் அண்ணிக்குத் துணி, அம்மாவுக்கு ஒரு கம்பளி, கூரைக்குத் தார்ப்பாய், சோலார் விளக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டுச் சீர் அண்ணன் வீட்டுக்குப் போனது. அக்காவும் தஞ்சாவூரிலிருந்து ஒரு மூட்டையோடு வந்துவிட்டார்.

அண்ணன் தட்டைத் தொடவில்லை. "தங்கச்சிகிட்ட சீர் வாங்குற வழக்கம் நம்மள்ல கிடையாது" என்றார். கோபம் இல்லை, கூச்சம். என் வீட்டுக்காரர் "அது சீர் இல்ல மச்சான், சும்மா கொண்டாந்தோம்" என்று சமாளிக்கப் பார்த்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சீர்தான். நல்லா வாங்கு. தட்ட மட்டும் வெறுமனே திருப்பிக் குடுக்காத" என்றார். எங்கள் வழக்கத்தில் சீர்த் தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. அண்ணன் எழுந்து கொல்லைக்குப் போனார். சாய்ந்த மரங்களிலிருந்து பறித்த காய்கள் அங்கே குவியலாகக் கிடந்தன. நல்லதாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கி, எனக்கு ஒரு தட்டு, அக்காவுக்கு ஒரு தட்டு என்று நிறைத்துக் கொண்டுவந்து வைத்தார். தார்ப்பாய்க்குக் கீழே பொங்கல் பொங்கியது. அம்மா சொன்ன அந்த "சீர்தான்" என்ற சொல் பெரிய சொல். உதவி என்று பெயர் வைத்திருந்தால் அண்ணன் அதை வாங்கியிருக்கவே மாட்டார், வாங்கியிருந்தாலும் கடனாக மனசில் இருந்திருக்கும்.

அந்த ராத்திரியே எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அண்ணன் நெட்டை குட்டை ஒட்டுக் கன்றுகள் வைக்கப்போகிறார், நடுவில் வாழை போடப்போகிறார், நாலைந்து வருஷத்துக்குக் கையில் காசு இருக்காது. அதனால் சீர் என்பது இனி ஒரு மஞ்சள் கொத்தும் ஒரு சீப்பு வாழைப்பழமும், அவ்வளவுதான் என்று முடிவு செய்தோம். புடவை கிடையாது, பணம் கிடையாது, பாத்திரம் கிடையாது. யார் வீட்டுக்கு யார் வர முடிகிறதோ அவர்கள் வரலாம், திசை முக்கியம் இல்லை. ஏன் மஞ்சள் கொத்து என்றால், பானைக் கழுத்தில் கட்டுவது அது. பானை என் வீட்டு அடுப்பில் இருந்தாலும் அதன் கழுத்தில் இருப்பது அண்ணன் கொல்லையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். மற்றதையெல்லாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு வழக்கம் பாரமாகிவிட்டது என்றால் மொத்தமாக விடுவதற்கு முன்னால் இப்படி ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். எதை எடுத்தால் அது வெறும் சாப்பாடாகவோ வெறும் செலவாகவோ ஆகிவிடும்? அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்கலாம். குறைப்பதை எல்லோரும் இருக்கும்போது, ஒரே நாளில், வாய்விட்டுச் சொல்லிக் குறைக்க வேண்டும். எங்களுக்கு இன்னொரு லாபமும் வந்தது. சீர் சின்னதாக ஆனதும் அண்ணனுக்கு உடம்பு முடியாத வருஷத்தில் அவர் மகன் அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். பழைய சீராக இருந்திருந்தால் அவன் தயங்கியிருப்பான்.

அம்மா 2021-இல் போனார். 2022 பொங்கலுக்குப் பிறந்த வீட்டில் துக்கம். கொரோனா மூன்றாம் அலை வேறு, கோவில்களையும் அந்த நாட்களில் அடைத்திருந்தார்கள். அந்த வருஷம் முடிந்ததும் நிலப் பேச்சு வந்தது. அப்பா அம்மா போன பிறகு பண்டிகைகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணமானது 1986-இல். எனக்கு 1991-இல். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சட்டமே கோடு போட்டிருந்தது. 2005-இல் மத்தியச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்தக் கோடு அழிந்தது. அப்படியும் எங்கள் பக்கத்தில் பெண்கள் பங்கு கேட்பதில்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், 'கேட்டா அண்ணன் தம்பி உறவு போயிடும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாசல்ல நிக்க ஆள் இருக்காது' என்பார்கள். பங்குக்குப் பதில்தான் சீர் என்பது யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம்.

அக்கா பங்கு கேட்டார். அத்தானுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவருடைய பங்கைப் பணமாகக் கொடுத்தார்கள். தம்பி திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறான், அவனும் தன் பாகத்தை விற்றுப் பணமாக எடுத்துக்கொண்டான். நான் தோப்பை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டு மனையில் ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொண்டேன். பத்திரம் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது.

2023 பொங்கலுக்கு அண்ணன் மஞ்சள் கொத்தோடு தாம்பரம் வந்தார். தஞ்சாவூர் வழியாகத்தான் பஸ். "அக்கா வீட்டுல இறங்குனீங்களா?" என்று கேட்டேன். "அவதான் பங்கை வாங்கிட்டாளே, அப்புறம் எதுக்குச் சீர்?" என்றார்.

"பங்கு அப்பா குடுத்ததுண்ணே. சீர் நீங்க குடுக்குறது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. நானும் மனை வாங்கியிருக்கேன், எனக்கு மட்டும் எப்படிக் கொண்டாந்தீங்க?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டார், கிளம்பினார். நானும் அதற்கு மேல் பேசவில்லை. அண்ணன் தோப்பை இழந்து மீண்டுகொண்டிருந்த நேரத்தில் கடன் வாங்கித்தான் அக்காவுக்குக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் வலியும் பொய்யில்லை.

அதைச் சரி செய்தது அண்ணி. அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள், அண்ணனிடம் சொல்லிவிட்டே, ஒரு பையில் மஞ்சள் கொத்தும் பழமும் எடுத்துக்கொண்டு தனியாகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பிற்பாடு என்னிடம் காரணம் சொன்னார். அவருடைய அப்பா அம்மா போனதிலிருந்து அவருக்குப் பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிட்டது. அண்ணன் தம்பி இருந்தும் யாரும் வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களுக்குச் சீர் கட்டிக் கொடுத்தது அவர் கைதான். "கட்டிக் கட்டிக் குடுத்த கைக்கு, வராம போனா எப்பிடி இருக்கும்னு தெரியாதா?" என்றார். அத்தனை வருஷமும் எனக்கு இது தோன்றவில்லை. அதற்கடுத்த பொங்கலிலிருந்து அண்ணிக்கு ஒரு மஞ்சள் கொத்து என் வீட்டிலிருந்து போகிறது. நாத்தனார் அண்ணிக்குச் சீர் வைப்பது எங்கள் ஊரில் கேள்விப்படாத விஷயம். பரவாயில்லை.

அக்கா அண்ணியை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, தட்டில் அரை கிலோ முந்திரி வைத்துத் திருப்பினாராம். தேங்காய் விலையைப் பற்றியும் அத்தான் உடம்பைப் பற்றியும் பேசிக்கொண்டார்களாம். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் நேரில் போக இன்னும் ஒரு வருஷம் ஆனது.

இதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். மார்கழி பிறந்ததிலிருந்து தை முடியும்வரை நிலம், பணம், கடன் எதையும் யாரும் எடுக்கக் கூடாது. பேச வேண்டியது இருந்தால் ஆனியிலோ ஆவணியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் நேரில் உட்கார வேண்டும். போனில் ஒருவர் சொன்னதாக இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. எல்லோரும் கூடுகிற நாள் பண்டிகைதானே, அன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றுதான் எல்லா வீட்டிலும் தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு தடவை பொங்கலன்று சண்டை வந்துவிட்டால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அது ஞாபகம் வரும்.

மகள் விஷயம் இவ்வளவு சிரமமாக இல்லை. 2024-இல் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம். மாப்பிள்ளை நாகர்கோவில், கிறிஸ்தவக் குடும்பம். நான் சம்பந்தி அம்மாவிடம் முதல் மாதமே போனில் பேசிவிட்டேன். "கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் உங்க வீட்ல இருக்கட்டும், பொங்கலுக்கு இங்க வரட்டும்" என்றேன். எனக்கு அது சரியான பாகப்பிரிவினையாகத் தெரிந்தது. அவர், "நாங்களும் பொங்கல் விடுவோமே, சர்ச்சுலயும் உண்டு" என்றார். அதனால் பொங்கலை முறை வைத்துக்கொண்டோம். 2025 தலைப்பொங்கல் இங்கே, அடுத்தது அங்கே. கிறிஸ்துமஸ் எப்போதும் அவர்களுக்கு, தீபாவளி எப்போதும் எங்களுக்கு. பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று தவிக்காமல் இருக்க வேண்டுமென்றால் பெரியவர்கள்தான் இதைப் பேச வேண்டும். பிள்ளைகளிடம் 'எங்க வருவீங்க' என்று கேட்கிற வீடுகளில் அவர்கள் யாரையாவது நோகடித்தே ஆக வேண்டியிருக்கிறது.

மகளுக்குச் சீர் கொண்டுபோக வேண்டியவன் அவள் தம்பி. பெங்களூரில் வேலை. கர்நாடகாவில் சங்கராந்திக்கு ஒரு நாள்தான் லீவு, மாட்டுப் பொங்கல் கிடையாது. அவனுக்கு இந்தச் சீர் முறையெல்லாம் தெரியவும் தெரியாது. சொல்லிக்கொடுத்தேன். மஞ்சள் கொத்தோடு, அங்கே சங்கராந்திக்குக் கொடுக்கிற எள்ளு பெல்லா பொட்டலங்களையும் வாங்கி வந்தான். எள்ளும் வெல்லமும் வேர்க்கடலையும் கொப்பரையும் கலந்தது. இப்போது அது எங்கள் சீரில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. அண்ணன் அதற்காகவே கேட்டு வாங்குகிறார்.

ஊரில் எல்லோரும் கூடுகிற வருஷங்களில் வேலையையும் மாற்றிவிட்டோம். முன்பெல்லாம் அண்ணிதான் அத்தனை பேருக்கும் சமைப்பார், வாசலில் பானை பொங்கும்போது அவர் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருப்பார். இப்போது வடை, பாயசம் எதுவும் கிடையாது. இரண்டு பானைப் பொங்கல், பல காய் போட்ட ஒரு குழம்பு, அப்பளம். காய் நறுக்குவது அண்ணனும் என் வீட்டுக்காரரும். பரங்கி, மொச்சை, வாழைக்காய், சேனை, கத்தரி, வள்ளிக்கிழங்கு எல்லாம் நறுக்கி முடிக்க அவர்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. பாத்திரம் துலக்குவது இளவட்டங்கள்.

போக்குவரத்து பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பக்கம் போக 2023-இலிருந்து தாம்பரம்–செங்கோட்டை ரயில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக ஓடுகிறது, ஆனால் தினமும் இல்லை. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. பொங்கலுக்கு என்றால் நவம்பர் நடுவில். யார் யார் எங்கே பொங்கல் வைக்கப்போகிறோம் என்பதை அதற்குள் பேசி முடித்துவிடுவது எங்களுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. டிக்கெட்டுக்காகப் பேச ஆரம்பித்ததுதான். இன்றைக்கு எங்கள் வீட்டில் சண்டை வராமல் இருப்பதற்கு அந்தத் தீபாவளி நேரத்து போன் பேச்சு ஒரு முக்கியக் காரணம்.

தம்பி மட்டும்தான் இன்னும் சேரவில்லை. நிலம் பிரிந்ததிலிருந்து அவன் ஊருக்கு வருவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, தொழில், பிள்ளைகள் படிப்பு என்று தள்ளிக்கொண்டே போகிறது. தை முதல் நாள் காலையில் எனக்கும் அக்காவுக்கும் ஜிபேயில் பணம் வந்துவிடும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, "காசு யாருக்கு வேணும்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருப்பூரில் ஆர்டர் நெருக்கத்தில் நிற்கிறவன் அந்த நாளில் ஞாபகம் வைத்து அனுப்புகிறான், அதுவும் சீர்தான். பணம் வந்ததும் கும்பிடு படம் அனுப்பாமல் கூப்பிட்டுப் பேசுகிறேன், அவன் பிள்ளைகளையும் பேச வைக்கிறேன். போன தடவை, அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு நாங்களெல்லாம் திருப்பூருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டேன். "வாங்கக்கா, வாடகை வீடுதான், மொட்டை மாடியில் வைக்கலாம்" என்றான். அவன் மனைவி பின்னாலிருந்து எத்தனை பேர் என்று கேட்பது காதில் விழுந்தது. அக்காவும் அண்ணியும் சரி என்றுவிட்டார்கள். அண்ணன் இன்னும் சொல்லவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறார். நியாயமான கேள்விதான், அவர் மகனை இருக்கச் சொல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். முன்பதிவு திறப்பதற்குள் அதைக் கேட்டுவிடுகிறேன்.